எரியும் விளக்குக்குப் புகார் கிடையாது

பக்கத்து வட்டத்தில் தெருவிளக்கைக் குறைத்துவிட்டார்களாம். யாரோ ஒருவர் ஒரே ஒரு போன் போட்டாராம். அன்று சாயங்காலமே ஆள் வந்து, விளக்குக்குள் இருக்கிற ஏதோ ஒரு திருகை அரைச் சுற்று திருப்பிவிட்டுப் போனாராம். அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லோரும் குழந்தை மாதிரித் தூங்குகிறார்களாம்.

இதைப் பால்காரர் கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னார். பால்காரருக்கு யார் சொன்னது என்று அக்கா கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா மாடிப்படியில் வழிமறித்து மாஸ்டரின் மனைவியிடம் சொன்னார். மனைவி, செருப்பைக் கூடக் கழற்றாமல், படுக்கையில் புரண்டுகொண்டிருந்த மாஸ்டரிடம் சொன்னாள். இத்தனை வாய் மாறி வந்த சேதிக்கு நடுவழியில் கையும் காலும் முளைத்திருக்கும் என்பது மாஸ்டருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நம்பினார். தூங்கி நாளாகிவிட்ட மனுஷன் எதைத்தான் நம்பமாட்டான்?

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் அல்ல. ரொட்டி போடுகிற பேக்கரியில் அடுப்பு மாஸ்டர். ஊருக்கெல்லாம் காலையில் ரொட்டி வேண்டுமென்றால், ஊர் அசந்து தூங்கும்போது ஒருத்தர் அடுப்பு வாயில் நின்றாக வேண்டும். அந்த ஒருத்தர் இவர். ஆகவே மற்றவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் இவர் படுக்கையை விரிப்பார். பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுகிற ஆள் என்பதால் தெருவில் இவருக்குக் 'கோழி' என்று பெயர். வைத்தவர் எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைக்காரர். சாயங்காலம் மாடி ஜன்னலைப் பார்த்து, "என்ன, கோழி அடைஞ்சிடுச்சா?" என்று கடையிலிருந்தே சத்தம் கொடுப்பார். மாஸ்டர் கோபித்துக்கொண்டதில்லை. தூக்கம் ஒழுங்காக வருகிற வரைக்கும் எந்தப் பட்டப்பெயரும் மனுஷனை உறுத்துவதில்லை.

தூக்கம் போனது புது விளக்கு வந்த பிறகுதான்.

முன்பிருந்தது மஞ்சள் விளக்கு. பாதி நாள் எரியும், பாதி நாள் முனகும். அதைக் கழற்றிவிட்டு வெள்ளை விளக்கு மாட்டினார்கள். மின்சாரம் மிச்சமாகிறது என்றார்கள். மிச்சமாகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் மிச்சம் பிடித்த வெளிச்சத்தையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்து மாஸ்டரின் ஜன்னலில் கொட்டினால் எப்படி? கம்பம் நின்றது சந்தின் ஓரத்தில், சரியாக அவர் வீட்டுக்கு முன்னால். விளக்கின் கை நீண்டு வந்து, மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே, எட்டிப் பிடித்துவிடலாம் போன்ற தூரத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. சாயங்காலம் அது எரியத் தொடங்கியதும் அறைக்குள் இன்னொரு பகல் வந்துவிடும். சுவரில் ஆணி அடித்த ஓட்டை தெரியும். கூரையில் பல்லியின் வயிற்றுக்குள் இருக்கிற முட்டை தெரியும். கண்ணை மூடினால் இமைக்குப் பின்னாலும் வெள்ளை.

திரை போட்டுப் பார்த்தார். அந்த அறைக்கு இருப்பதே அந்த ஒரு ஜன்னல்தான். தடித் திரை போட்டதும் காற்று வாசலோடு நின்றுகொண்டது. அடுப்பில் வேகிறது போதாது என்று வீட்டிலும் வேக வேண்டியிருந்தது. மனைவியின் துப்பட்டாவை மடித்துக் கண்ணில் கட்டினார். வேர்த்துக் கொட்டியது, புரண்டதும் அது மூக்குக்கு இறங்கியது. "திருடன் மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி. "தூக்கத்தைத் திருடலாம்னு பார்க்கறேன், அகப்பட மாட்டேங்குது" என்றார்.

மரத்தில் இருந்த காக்கைகளுக்கும் இதே கதிதான். கம்பத்தை ஒட்டி நின்ற மரத்தில் அவை பொழுது தெரியாமல் கத்தின. வேலைக்குக் கிளம்பும் இருட்டில், தெருக்கோடிக் கூரைக்கு மேலே விடிவெள்ளி தெரிவது வழக்கம். 'நம்ம கூட டூட்டிக்கு வர்ற ஒரே ஆள்' என்று மாஸ்டர் அதைச் சொல்வார். இப்போது அண்ணாந்து பார்த்தால் விளக்குதான் இருந்தது. வானம் பால் திரிந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. அந்த ஆளும் லீவில் போய்விட்டார்.

ஆகவே போன் போட்டார்.

புகார் எண்ணில் மனுஷக் குரல் கிடையாது. முதலில் எந்த மொழி என்று கேட்டது. சொன்னார். பிறகு, விளக்கு எரியவில்லையா, ஒன்றை அழுத்தவும். விட்டு விட்டு எரிகிறதா, இரண்டை அழுத்தவும். கம்பம் சாய்ந்திருக்கிறதா, மூன்றை அழுத்தவும். அவ்வளவுதான். மாஸ்டர் காத்திருந்தார். வேறு ஏதாவது சொல்லும் என்று காதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. மொழியை மாற்றிப் பார்த்தார், அந்த மொழியிலாவது நாலாவது ஒன்று இருக்கிறதா என்று. அதிலும் மூன்றுதான். ரொம்ப எரிகிறது, வேண்டாத இடத்தில் எரிகிறது என்பதற்கு எந்த மொழியிலும் எண் இல்லை.

"ஏதாவது ஒண்ணை அமுக்குங்க. ஆள் வந்தா நேர்ல சொல்லிக்கலாம்" என்றாள் மனைவி.

நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. மாஸ்டர் ஒன்றை அழுத்தினார்.

ஆளும் வந்தார். பழுப்புச் சட்டை போட்ட லைன்மேன், ஏணி வைத்த வண்டியில், விளக்கு எரியத் தொடங்குகிற நேரம் பார்த்து. மாஸ்டர் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார்.

"விளக்கு எரியலைன்னு புகார். இங்கதானே?"

"இங்கதான் சார்."

மாஸ்டர் சொல்லி வாய் மூடவில்லை, விளக்கு பளிச்சென்று எரிந்தது. லைன்மேன் அண்ணாந்து பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார்.

"எரியுதே."

"எரியுதுங்க. அதான் பிரச்சினை."

"எரியலைன்னு போட்டிருக்கீங்க."

"எரியுதுன்னு போட இடமில்லையே சார். ஒண்ணை அமுக்கினா எரியலை, ரெண்டை அமுக்கினா விட்டு விட்டு எரியுது, மூணுக்கு கம்பம் சாய்ஞ்சிருக்கணும். ரொம்ப எரியுதுன்னா எதை அமுக்கறது?"

"ரொம்ப எரியுதுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லையே" என்றார் லைன்மேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. சாப்பாடு ரொம்ப ருசியாக இருக்கிறது என்று யாராவது ஹோட்டலில் சண்டைக்கு வருவார்களா என்பது போலப் பார்த்தார்.

மாஸ்டர் தன் வேலையைச் சொன்னார், தூக்கத்தைச் சொன்னார், ஜன்னலைக் காட்டினார். பக்கத்து வட்டத்துத் திருகைப் பற்றியும் சொன்னார்.

"திருகா? இதுக்குள்ள அப்படி எதுவும் கிடையாது சார். யாரோ உங்களுக்குக் காது குத்தியிருக்காங்க."

"அப்ப குறைக்கவே முடியாதா?"

லைன்மேன் கொஞ்சம் இரங்கினார். "தகடு ஒண்ணு இருக்கு. உள்ளங்கை அகலம்தான். விளக்குக்குப் பின்பக்கம் மாட்டினா வீட்டுப் பக்கம் வெளிச்சம் விழாது. ரோட்டுல இப்படியே விழும்."

"அப்ப மாட்டிடுங்க!"

"கையில இல்ல. ஸ்டோர்ல கிடக்கு. எடுக்கணும்னா எஞ்சினியர் சொல்லணும்."

"சொல்லச் சொல்லுங்க."

"புகார் வந்தாத்தான் சொல்வார். அப்படி ஒரு புகார்தான் கிடையாதே."

இதைச் சொல்லிக்கொண்டே அவர் வண்டியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே பளபளவென்று ஒரு புது விளக்கு.

"இது எதுக்கு?" என்றார் மாஸ்டர்.

"எரியலைன்னு வந்திருக்கு. மாத்தணும்."

"எரியுதே!"

"சார், இதைத் திருப்பி எடுத்துட்டுப் போனா ஏன் மாத்தலைன்னு கேப்பாங்க. எரியுதுன்னு சொன்னா, அப்ப எதுக்குப் போனேன்னு கேப்பாங்க. ரெண்டுக்கும் திட்டு எனக்குத்தான். வந்த வேலையை முடிச்சுட்டுப் போயிடறேன்."

மாஸ்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். மேலே இருந்த மனுஷன், "ஏணியை ஆட்டாதீங்க சார், பிள்ளைகுட்டிக்காரன்" என்றார். அதற்கு மேல் என்ன செய்வது? விட்டுவிட்டார். புது விளக்கு எரிந்தது. பழைய வெள்ளை இந்த வெள்ளைக்கு முன்னால் அழுக்கு வேட்டி மாதிரி ஆகிவிட்டது.

"இது பவர் ஜாஸ்தி. கரண்ட்டும் கம்மி" என்று லைன்மேன் இறங்கி வந்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. தன் சொந்த எண்ணைக் கொடுத்தார். "தகடு ஒண்ணு கேட்டு வாங்கி வைக்கிறேன். வண்டி இந்தப் பக்கம் வர்றப்ப மாட்டிடலாம். நீங்களும் ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்துங்க."

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் மாஸ்டரின் போனில் சேதி வந்தது: தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. நன்றி.

எதிர்க்கடையிலிருந்து மருந்துக்கடைக்காரர் கையைத் தட்டினார். "மாஸ்டர்! கைராசிக்காரர்யா நீங்க! நான் போர்டுக்கு லைட் போடலாம்னு இருந்தேன், இனிமே அது எதுக்கு? ஒரே போன்ல தெருவையே கல்யாண வீடாக்கிட்டீங்களே!" கீழ்வீட்டு அக்கா வெளியே வந்து, "தம்பி, அப்படியே பின் சந்துக்கும் ஒரு போன் போட்டுடு" என்றார்.

மாஸ்டர் மாடியேறிப் போய், ஒளி வெள்ளத்தில் குளித்துக்கொண்டிருந்த கட்டிலின் மேல் உட்கார்ந்தார்.

மனைவி துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கிற இடத்தில் வேலை செய்தாள். கடை சாத்திவிட்டு, பஸ் பிடித்து, தெருமுனையிலிருந்து இந்தச் சந்து வழியாகத்தான் நடந்து வருவாள். சந்தின் ஒரு பக்கம் சாக்கடை. அதற்கு மேல் போட்டிருந்த கல்பலகைகளில் ஒன்று உடைந்து, ஒரு ஆள் இறங்குகிற அளவுக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது. மஞ்சள் விளக்கு முனகிக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் அவள் அந்த வாய்க்குள் விழுந்தாள். கணுக்காலில் ஆபரேஷன் பண்ணி வைத்த தகடு இன்னமும் இருக்கிறது. மழை வருவதற்கு முன்பே அது சொல்லிவிடும். பலகையை மாற்றச் சொல்லிக் கொடுத்த புகார் இன்னும் யாருடைய மேசையிலோ குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே விளக்கு வந்தபோது அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவள் வந்ததும் மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த விளக்கு இல்லேன்னா நான் அந்தக் குழியைத் தாண்டி எப்படி வர்றது?"

"விளக்கு வேண்டாம்னு நான் சொல்லலையே. ரோட்டுக்குப் போட்ட விளக்கு ரோட்டைப் பார்த்தா போதாதா? என் படுக்கையை எதுக்கு எட்டிப் பார்க்குது?"

"எட்டிப் பார்க்க இங்க என்ன நடக்குது, குறட்டைதான்."

"குறட்டை விட்டு எவ்வளவு நாளாச்சு, உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அவருடைய கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கத்தையும், தேநீர் தட்டில் சிந்துவதையும், முன்கையில் அடுப்புச் சட்டம் சுட்ட புதுத் தழும்பையும் அவள்தான் தினமும் பார்க்கிறாள். அதனால்தான் அவளுக்குக் கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் கடைசியில் பக்கத்தில் இருக்கிறவர் மேல்தான் விழும்.

"அந்த விளக்கு மேல கை வெச்சீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன். சொல்லிட்டேன்" என்றாள்.

"உன் காலுக்கு வெளிச்சம் வேணும், என் கண்ணுக்கு இருட்டு வேணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு உள்ளங்கைத் தகடு. அது ஸ்டோர்ல தூங்குது. அதுக்காவது தூக்கம் வருதே!"

லைன்மேனுக்குப் போன் போட்டார். முதல் தடவை அவர் எடுத்தார். "நாளைக்குப் பார்க்கலாம் சார்" என்றார். அடுத்த தடவை, வண்டி ரிப்பேர். அதற்கடுத்த தடவை, தகடு கேட்டிருக்கிறது, கையெழுத்தாகவில்லை. அப்புறம் ஒரு தடவை போனை எடுத்து, யாருடனோ, "அந்த ரொட்டிக்காரர்தான்" என்று சொல்வது கேட்டது. "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். கூப்பிடவில்லை.

ஒருநாள் ஆபீசுக்கே போனார். அங்கிருந்த அம்மா நல்லவர்தான். உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். "உங்க புகார் தீர்ந்துபோச்சே சார்" என்றார்.

"தீரலைம்மா."

"தீர்ந்துடுச்சுன்னு காட்டுது."

"என் கண்ணைப் பாருங்கம்மா. அது என்ன காட்டுது?"

அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, "நல்லா தூங்குங்க சார், உடம்பைப் பார்த்துக்குங்க" என்றார்.

பேக்கரியில் அது நடந்தது இதற்குப் பிறகு. அடுப்பு நிறைய ரொட்டி. மாஸ்டர், ரொட்டியை உள்ளே தள்ளி வெளியே எடுக்கிற நீளமான மரத் துடுப்பை ஊன்றிக்கொண்டு, நெற்றியை அதன் மேல் சாய்த்துக்கொண்டு நின்றார். வாசனை வந்ததும் கண்ணைத் திறக்க வேண்டியதுதான். எத்தனையோ வருஷமாக மூக்குதான் அவருக்குக் கடிகாரம். அன்று மூக்கும் சேர்ந்து தூங்கிவிட்டது. மாவு பிசைகிறவர் ஓடிவந்து உலுக்கியபோது அடுப்புக்குள் இருந்தது ரொட்டி இல்லை, கரி. பிடித்துத் தட்டினால் செங்கல் மாதிரிச் சத்தம் கேட்டது. கடைகளுக்குப் போக வேண்டிய வண்டி வாசலில் காலியாக உறுமிக்கொண்டிருந்தது.

முதலாளி கத்துகிற ஆளில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கரியான ரொட்டி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அடுப்பு மேலயும் இல்ல. ஆனா அடுப்பு முழிச்சிருக்கிற நேரத்துல நீங்க தூங்க முடியாது."

"வீட்டுக்கு முன்னால ஒரு விளக்கு முதலாளி..."

"சொன்னீங்க. விளக்குக்கு நான் என்ன பண்றது? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க பாக்கெட் போடற பக்கம் போயிடுங்க. கையில பெரிய காயம் படறதுக்கு முன்னால. உங்க நல்லதுக்குத்தான்."

நல்லதுக்குத்தான். மாஸ்டர் தலையாட்டினார். அடுப்பு வாயில் நின்றால்தான் அவர் மாஸ்டர். பாக்கெட் போடுகிற மேசையில் அவர் பாலித்தீன் பையை ஊதித் திறக்கிற வெறும் ஆள். நேற்று வரைக்கும் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டவர்கள் நாளை 'கோழி' என்று கூப்பிட்டால், அன்றைக்கு அது உறுத்தும்.

துடுப்பைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது, அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த ரொட்டி அச்சுகள் கண்ணில் பட்டன. நீளமான தகரப் பெட்டிகள். மாவை உள்ளே போட்டு அடுப்பில் தள்ளுவது. அதில் ஒன்று ஓரம் நசுங்கிப்போய் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. மாஸ்டர் அதை எடுத்துப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே இருக்கிற அந்தச் சனியன் என்ன நீளம், என்ன அகலம் என்பது அவருக்கு மனப்பாடம். தினமும் அதைத்தானே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். அச்சு அதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. தலைக்குத் தொப்பி.

சாயங்காலம், மனைவி இன்னும் கடையிலிருந்து வராத நேரம். மாஸ்டர் மாடி ஜன்னலில் ஒரு காலை வைத்து, ஒட்டடைக் கம்பின் நுனியில் அச்சைக் கம்பியால் கோத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நீட்டினார். வீட்டுப் பக்கத்தை மறைக்கும்படியாக ஒரு ஓரத்தை வெட்டி மடக்கி வைத்திருந்தார். ரோட்டுப் பக்கம் திறந்திருந்தது. ஒரு தடவை நழுவியது. இரண்டாவது தடவை விளக்கின் முதுகில் போய் உட்கார்ந்து, 'கிளிக்' என்று பிடித்துக்கொண்டது. நல்ல அச்சு நல்ல மாவைப் பிடிக்கிற மாதிரி.

கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது.

மாஸ்டர் முதலில் தெருவைத்தான் பார்த்தார். சாக்கடை தெரிந்தது, உடைந்த பலகை தெரிந்தது, மருந்துக்கடைப் படியில் படுத்திருந்த நாயின் வால் கூடத் தெரிந்தது. பிறகு திரும்பி அறைக்குள் பார்த்தார். இருட்டு. கட்டில் எங்கே என்று தடவித்தான் போக வேண்டியிருந்தது. கால் முட்டி கட்டில் முனையில் நன்றாக மோதியது. அந்த வலி கூட அவருக்கு இனித்தது.

"ஒரு உள்ளங்கைத் தகடு! ஒரு கெட்டுப்போன அச்சு! இதுக்காடா இத்தனை அலைச்சல்?" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னார். ஜன்னலை அகலத் திறந்தார். காற்று வந்தது. காக்கைகளும் அடங்கிவிட்டன. படுத்தார். தலையணை குளிர்ச்சியாக இருந்தது. என்னவோ நினைக்க ஆரம்பித்தார். நினைத்து முடிப்பதற்குள் தூங்கிப்போனார்.

அவர் எழுந்தது கீழ்வீட்டு அக்காவின் சத்தத்தில்.

"தம்பி! தம்பி! விளக்கு அவிஞ்சுபோச்சு பாரு!"

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியேயும் உள்ளே இருந்த அதே இருட்டுத்தான். தெருமுனை விளக்கு தூரத்தில் எரிந்தது. மருந்துக்கடை சாத்தியிருந்தது, போர்டுக்குத்தான் விளக்கே போடவில்லையே. வீட்டுக்கு முன்னால், சாக்கடையோரம், கும்மிருட்டு.

ஜன்னலில் தலையை நீட்டினார். தகரம் சுடுகிற வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாசனை அவருக்குத் தெரியாததா? காலியான அச்சை அடுப்பில் மறந்து வைத்தால் வருகிற வாசனை.

அப்போதுதான் உறைத்தது. அந்த விளக்கின் முதுகில் வரிவரியாகச் சீப்புப் பல் மாதிரி இருப்பது சூடு வெளியேறுவதற்கு. அதைத்தான் தகரப் பெட்டியைப் போட்டு மூடியிருக்கிறார். மூடின இடத்தில் சூடு தங்கும், தங்கினது ஏறும், ஏறினது உள்ளே இருப்பதை வேகவைக்கும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிய வேண்டும். வாழ்நாள் முழுக்க அந்த வேலையைத்தானே செய்கிறார்! வெளிச்சத்தை மறைக்க வந்த மனுஷன் விளக்குக்கு அடுப்பு கட்டிக் கொடுத்துவிட்டார்.

ஒட்டடைக் கம்பால் அச்சைத் தட்டினார். நகரவில்லை. நல்ல அச்சு. ஆத்திரத்தில் ஓங்கிக் குத்தியதும் அது கழன்று, கம்பத்தில் 'ணங்'கென்று மோதி, கல்பலகையில் குதித்து, உடைந்த பலகையின் வாய்க்குள் பத்திரமாகப் போய் விழுந்தது. நாய் ஒரு தடவை குரைத்தது. விளக்கு எரியவில்லை. கொஞ்சம் ஆறினால் எரியுமோ என்று பார்த்தார். எரியவில்லை.

"என்ன தம்பி விழுந்துச்சு?" என்றார் அக்கா இருட்டுக்குள்ளிருந்து.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு சத்தம்?"

மாஸ்டர் மனைவிக்குப் போன் போட்டார். உடனே எடுத்தாள். பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

"என்னங்க, தூங்கலையா? குரலே ஒரு மாதிரி இருக்கு."

"தூங்கினேன். எங்க இருக்க?"

"இறங்கப் போறேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. தெருமுனையிலயே நில்லு. நான் வர்றேன்."

இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் தெருமுனைக்கு வந்து அவளை அழைத்துப் போனதில்லை.

"என்ன பண்ணீங்க?" என்றாள்.

"வந்து சொல்றேன். நில்லு, அங்கயே நில்லு. ஓரமா நடந்து வந்துடாதே."

"விளக்கா?" என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் பஸ் நின்ற சத்தமும், "இறங்கணும், இறங்கணும்" என்று அவள் யாரையோ தள்ளிக்கொண்டு போவதும் கேட்டன. போன் கட்டாகிப்போனது.

செருப்பைத் தேட நேரமில்லை. வெறுங்காலோடு இறங்கினார். போனில் இருந்த டார்ச்சைப் போட்டு, உடைந்த பலகை இருக்கிற இடத்தைத் தேடி, அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டார். இதை விட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போகலாம் என்றால், அதற்குள் வேறு யாராவது வந்து விழுந்தால்? அங்கே போகாவிட்டால், அவள் பொறுமையிழந்து நடக்க ஆரம்பித்தால்? நில்லு என்று சொன்னால் நிற்கிற ரகமல்ல அவள்.

"அக்கா! கொஞ்சம் இங்க வந்து நில்லுங்களேன்!"

"இந்த இருட்டுலயா? நான் மாட்டேம்ப்பா. நீ ஒரு போன் போடு. உனக்குத்தான் உடனே வருவாங்களே!"

மாஸ்டர் புகார் எண்ணை அழுத்தினார். மொழியைக் கேட்டது. சொன்னார். விளக்கு எரியவில்லையா, ஒன்றை அழுத்தவும். இத்தனை நாளில் முதல் தடவையாக அவரிடம் சரியான புகார் இருந்தது. அதற்கென்று ஒரு எண்ணும் இருந்தது. ஒன்றை அழுத்தினார். இந்த விளக்கு அண்மையில் மாற்றப்பட்டது, புகார் தீர்க்கப்பட்டது, நன்றி என்று சொல்லி அது வைத்துவிட்டது.

லைன்மேனின் எண்ணைத் தேடினார். விரல் வேர்வையில் வழுக்கியது. டார்ச் வெளிச்சம் சாக்கடை வாயில் விழுந்து, உள்ளே கிடந்த அச்சின் ஓரம் மினுங்கியது. கருகிய ரொட்டிக்குச் சமாதானம் சொல்லியாயிற்று. நாளைக்கு முதலாளியிடம் இந்த அச்சுக்கு ஒரு சமாதானம் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் இவளிடம். இன்றைக்கும் தூக்கம் போனதுதான் மிச்சம். அடுப்பு வாயில் எந்தக் கண்ணோடு போய் நிற்பது?

தெருமுனை விளக்கின் அடியில் யாரோ வருவது தெரிந்தது. தோளில் பை. ஒரு காலைக் கொஞ்சம் பார்த்துப் பார்த்து வைக்கிற நடை.

"நில்லு! அங்கயே நில்லு!" என்று கத்தினார்.

அவள் நிற்கவில்லை. விளக்கின் வட்டத்தைத் தாண்டி இருட்டுக்குள் இறங்கினாள். "என்ன கத்தறீங்க, தெருவே பார்க்குது" என்ற குரல் மட்டும் கிட்டே வந்துகொண்டிருந்தது.

மாஸ்டர் டார்ச்சை உயர்த்திக் காட்ட வேண்டும். போனைக் காதில் வைக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே போன். டார்ச்சை அவள் வரும் பக்கம் நீட்டிப் பிடித்து, கழுத்தை வளைத்து, ஸ்பீக்கரைத் தட்டினார்.

மறுமுனையில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க சார்" என்றார் மாஸ்டர், "எடுங்க. இப்ப நிஜமாவே எரியலை."